வீடு தேடி வந்த பரிசோதனை, அட்டை கேட்ட நிவாரணம்: கரோனா காலத்தில் மத்திய அரசு எடுத்த நடவடிக்கைகள் - விரிவான பார்வை

கோபர்கைரனே (நவி மும்பை): 2020-ம் ஆண்டு மே 11-ம் தேதி முதல் 17-ம் தேதி வரை, நவி மும்பையின் வாசியில் உள்ள வேளாண் விளைபொருள் மொத்த விற்பனைச் சந்தை மூடப்பட்டது. வெங்காயம்-உருளைக்கிழங்கு, காய்கறி, பழம், மசாலாப் பொருட்கள், தானியம் என ஐந்து பிரிவுகளைக் கொண்ட இந்தச் சந்தையிலிருந்துதான் மும்பை பெருநகரின் சமையலறைகளுக்குப் பொருட்கள் செல்கின்றன. வியாபாரிகள், தொழிலாளர்கள் மத்தியில் கரோனா தொற்று பரவியதையடுத்து இந்த முடிவு எடுக்கப்பட்டது. அங்கு மூட்டை சுமக்கும் 'மாத்தாடி' தொழிலாளர்களில் பலர், சற்றுத் தொலைவில் உள்ள கோபர்கைரனேயில் வசிப்பவர்கள். சந்தை திறந்திருந்தால் தொற்று வீட்டுக்கு வரும்; மூடினால் கூலி நின்றுபோகும்.

கோபர்கைரனேயின் இந்தச் சிக்கலே அன்று நாட்டின் சிக்கலாகவும் இருந்தது. உயிரைக் காப்பதா, வாழ்வாதாரத்தைக் காப்பதா என்ற கேள்வியை மத்திய அரசு எதிர்கொண்டது. 2020 ஏப்ரலில் முதலமைச்சர்களுடன் நடத்திய ஆலோசனையில், இரண்டையும் காக்க வேண்டும் என்பதே அரசின் நிலைப்பாடு எனப் பிரதமர் நரேந்திர மோடி தெரிவித்தார். அதற்காகச் சுகாதாரம், பொருளாதாரம் ஆகிய இரு தளங்களில் நடவடிக்கைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் எது மக்களை எவ்வாறு சென்றடைந்தது, எது வழியில் நின்றது என்பதைத் தமிழர்கள் அதிகம் வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர், நவி மும்பை பகுதிகளின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

மும்பையில் பிறந்த சட்டம்

இந்தியாவில் முதல் கரோனா தொற்று 2020 ஜனவரி 30-ம் தேதி கேரளத்தின் திருச்சூரில், சீனாவின் வூஹானிலிருந்து திரும்பிய மாணவி ஒருவருக்கு உறுதி செய்யப்பட்டது. மார்ச் 11-ம் தேதி உலக சுகாதார அமைப்பு இதனைப் பெருந்தொற்றாக அறிவித்தது. மார்ச் 22-ம் தேதி மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்டது. மார்ச் 24-ம் தேதி இரவு 8 மணிக்கு உரையாற்றிய பிரதமர், அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு தழுவிய ஊரடங்கை அறிவித்தார். பின்னர் அது மே 3, மே 17, மே 31 என மூன்று முறை நீட்டிக்கப்பட்டது.

இதற்கு இரண்டு சட்டங்கள் பயன்படுத்தப்பட்டன. ஒன்று, 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். மாநிலங்களுக்குக் கட்டாய உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு இதன் வழியே பெற்றது. மற்றொன்று, 1897-ம் ஆண்டின் கொள்ளை நோய்கள் சட்டம். இது மும்பையுடன் நேரடித் தொடர்புடையது. 1896-ல் அன்றைய பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் பரவியபோது ஆங்கிலேய அரசு அவசரமாக இயற்றிய சட்டம் இது. அப்போது வீடுகளுக்குள் புகுந்து நடத்தப்பட்ட கட்டாயச் சோதனைகள் மக்களிடையே கடும் கோபத்தை உண்டாக்கின. நோயை மறைக்கும் போக்கும் ஊரை விட்டு வெளியேறும் போக்கும் பெருகின.

123 ஆண்டுகளுக்குப் பிறகு அதே நகரில் மீண்டும் வீடு வீடாகச் செல்ல வேண்டிய தேவை எழுந்தபோது, யாரை அனுப்புவது என்பது முக்கியக் கேள்வியானது. மத்திய அரசு 2020 ஏப்ரல் 22-ம் தேதி அந்தச் சட்டத்தில் அவசரத் திருத்தம் கொண்டுவந்து, சுகாதாரப் பணியாளர்களைத் தாக்கிப் படுகாயப்படுத்துவோருக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வழிசெய்தது. ஆனால், தாராவியில் கதவுகளைத் திறக்கவைத்தது தண்டனை குறித்த அச்சம் அல்ல.

தாராவியில் நடந்தது என்ன?

ஏப்ரல் 1-ம் தேதி தாராவியில் முதல் தொற்று கண்டறியப்பட்டது. பாதிக்கப்பட்ட 56 வயது நபர் அன்றே உயிரிழந்தார். ஏறக்குறைய இரண்டரை சதுர கிலோமீட்டர் பரப்பில் பல லட்சம் பேர் வாழும் பகுதி அது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2.27 லட்சம் பேர் என்பது மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட மக்கள் நெருக்கக் கணக்கு. பத்துக்குப் பத்து அடி அறையில் எட்டு முதல் பத்து பேர் வரை வசிக்கும் குடும்பங்கள் உண்டு. மக்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தினர் பொதுக் கழிப்பறைகளையே பயன்படுத்துகின்றனர். 'வீட்டிலேயே இருங்கள், இடைவெளி விடுங்கள்' என்ற அறிவுரையைக் கடைப்பிடிக்க அங்கே இடமே இல்லை.

எனவே மும்பை மாநகராட்சியின் 'ஜி வடக்கு' வட்ட அலுவலகம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், நோயைத் தேடிச் செல்வது என முடிவு செய்யப்பட்டது. தேடுதல், தொடர்பைப் பின்தொடர்தல், பரிசோதித்தல், சிகிச்சை அளித்தல் என்ற நான்கும் இதன் தூண்கள்.

நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், அப்பகுதியில் ஏற்கெனவே சிறிய மருத்துவ நிலையங்கள் நடத்திவந்த தனியார் மருத்துவர்களையே மாநகராட்சி துணைக்கு அழைத்தது. பாதுகாப்பு உடை, வெப்பமானி, ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி ஆகியவை அவர்களுக்கு வழங்கப்பட்டன. குடும்பத்தினரின் காய்ச்சலையும் சர்க்கரையையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த மருத்துவர் வாசலில் நின்றபோது, மறைப்பதற்குக் காரணம் குறைந்தது. முதியவர்கள் தனியே கணக்கெடுக்கப்பட்டனர். பொதுக் கழிப்பறைகள் நாள்தோறும் பலமுறை கிருமிநாசினி கொண்டு சுத்தம் செய்யப்பட்டன.

வீட்டில் தனிமைப்படுத்திக்கொள்ள இடமில்லாதவர்களுக்காகப் பள்ளிகளும் விளையாட்டு வளாகமும் தனிமை மையங்களாக மாற்றப்பட்டன. அங்கே மூன்று வேளை உணவு, மருந்து, மருத்துவர் கவனிப்பு ஆகியவை இலவசமாகக் கிடைத்தன. மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா வளாகத்தில் 200 படுக்கைகள் கொண்ட தற்காலிக மருத்துவமனை குறுகிய காலத்தில் அமைக்கப்பட்டது. தனிமை மையத்துக்குச் சென்றால் பட்டினி கிடக்க நேராது என்ற உறுதி, பரிசோதனைக்கு முன்வருவதற்கான தூண்டுதலாக அமைந்தது.

ஏப்ரலில் தாராவியில் 491 பேருக்குத் தொற்று உறுதியானது. அப்போது தொற்று வளர்ச்சி விகிதம் 12 சதவீதம். மே மாதத்தில் அது 4.3 சதவீதமாகவும், ஜூனில் 1.02 சதவீதமாகவும் குறைந்தது. ஜூலை 10-ம் தேதி உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ் அதானோம் கெப்ரேயேசுஸ், தீவிரப் பரவலையும் கட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியா ஆகிய நாடுகளுடன் தாராவியையும் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார்.

மாதுங்கா, செம்பூர் ஆய்வு சொல்வது

எனினும், தாராவி கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊரடங்கின்போது அங்கிருந்து பெருமளவிலான தொழிலாளர்கள் சொந்த ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். அதனால் நெரிசல் குறைந்தது. மேலும், தொற்று எந்த அளவுக்கு ஓசையின்றிப் பரவியிருந்தது என்பதை ஜூலை மாதம் நடத்தப்பட்ட ரத்த மாதிரி ஆய்வு வெளிப்படுத்தியது.

மாதுங்காவை உள்ளடக்கிய 'எஃப் வடக்கு', செம்பூர் மேற்கை உள்ளடக்கிய 'எம் மேற்கு', தகிசரை உள்ளடக்கிய 'ஆர் வடக்கு' ஆகிய மூன்று வட்டங்களில் மும்பை மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை இணைந்து இந்த ஆய்வை நடத்தின. 6,936 பேரின் ரத்த மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. குடிசைப் பகுதிகளில் வசிப்போரில் 57 சதவீதத்தினருக்கும், பிற குடியிருப்புகளில் 16 சதவீதத்தினருக்கும் கரோனாவுக்கு எதிரான நோய் எதிர்ப்புப் புரதங்கள் காணப்பட்டன. அதாவது, குடிசைப் பகுதிகளில் இருவரில் ஒருவருக்கு மேல், பெரும்பாலும் தாம் அறியாமலேயே தொற்றுக்கு உள்ளாகி மீண்டிருந்தனர்.

தாராவி இந்த ஆய்வில் இடம்பெறவில்லை. ஆயினும், ஒரே வட்டத்துக்குள், ஒரே ஊரடங்கு விதிகளின்கீழ் வாழ்ந்த இரு பிரிவினரிடையே தொற்று அளவு மூன்றரை மடங்கு வேறுபட்டது என்பது கவனிக்கத்தக்கது. குடிசைப் பகுதிகளின் மக்கள் நெருக்கமும், கழிப்பறை, குடிநீர்க் குழாய் போன்ற பொது வசதிகளும் இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என மாநகராட்சி விளக்கியது. ஊரடங்கு எல்லோருக்கும் ஒரே அளவு பாதுகாப்பைத் தரவில்லை. மாடி வீட்டில் இருந்தவருக்கு அது சுவராக இருந்தது. பொதுக் குழாயடியில் வரிசையில் நின்றவருக்கு அது பெயரளவில் மட்டுமே இருந்தது.

ரூ.1.70 லட்சம் கோடி: யாருக்கு என்ன?

ஊரடங்கு தொடங்கிய மறுநாளான மார்ச் 26-ம் தேதி, மத்திய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் ரூ.1.70 லட்சம் கோடி மதிப்பிலான பிரதமரின் ஏழைகள் நலத் தொகுப்பை அறிவித்தார். அதன் முக்கிய அம்சங்கள்:

- உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் சுமார் 80 கோடி பேருக்கு மாதந்தோறும் தலா 5 கிலோ அரிசி அல்லது கோதுமை கூடுதலாக, இலவசமாக வழங்கப்படும். குடும்பத்துக்கு 1 கிலோ பருப்பும் உண்டு.
- ஜன்தன் வங்கிக் கணக்கு வைத்துள்ள 20 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மூன்று மாதங்களுக்குத் தலா ரூ.500.
- உஜ்வாலா திட்டப் பயனாளிகளுக்கு மூன்று சமையல் எரிவாயு உருளைகள் இலவசம்.
- நூறு நாள் வேலைத் திட்ட ஊதியம் ரூ.182-லிருந்து ரூ.202-ஆக உயர்வு.
- சிறிய நிறுவனங்களில் ரூ.15,000-க்கும் குறைவாக ஊதியம் பெறுவோருக்கான வருங்கால வைப்பு நிதிப் பங்களிப்பை அரசே செலுத்துதல்.
- சுகாதாரப் பணியாளர்களுக்கு ரூ.50 லட்சம் காப்பீடு.

இவற்றில் மிகப் பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியது இலவச தானியத் திட்டமே. இடையில் சில மாதங்கள் நீங்கலாக, 2022 டிசம்பர் வரை மொத்தம் 28 மாதங்களுக்கு அது நடைமுறையில் இருந்தது. அதற்குச் சுமார் ரூ.3.9 லட்சம் கோடி செலவானது. இத்தனை பேருக்கு இவ்வளவு காலம் தானியம் கொண்டுசேர்த்த திட்டம் உலகில் அரிது. நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்படாமல் காத்ததில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளுக்கும் ரேஷன் கடைகளுக்கும் முதன்மைப் பங்கு உண்டு.

ரொக்க உதவி அந்த அளவுக்கு இல்லை. மாதம் ரூ.500 என்பது, உயர்த்தப்பட்ட நூறு நாள் வேலைத் திட்ட ஊதியத்தின்படி பார்த்தாலும் இரண்டரை நாள் கூலிக்குச் சமம். அமெரிக்கா 2020 மார்ச்சில் இயற்றிய சட்டத்தின்படி தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் 1,200 டாலர் வரை வழங்கியது. பிரிட்டன், வேலையின்றி வீட்டில் இருந்த தொழிலாளர்களின் ஊதியத்தில் 80 சதவீதத்தை ஏற்றுக்கொண்டது. அந்நாடுகளில் வரிப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் அரசிடம் தயாராக இருந்தன. தொழிலாளர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் அமைப்புசாராப் பணிகளில் உள்ள இந்தியாவில் அத்தகைய பதிவேடு இருக்கவில்லை.

ஆள் ஓரிடம், அட்டை ஓரிடம்

மேற்கண்ட பட்டியலை மீண்டும் பார்த்தால் ஒன்று புலப்படும். ஒவ்வொரு உதவியும் ஏற்கெனவே உள்ள ஏதேனும் ஒரு பதிவேட்டைச் சார்ந்திருக்கிறது. ரேஷன் அட்டை, ஜன்தன் கணக்கு, எரிவாயு இணைப்பு, வைப்பு நிதி எண் ஆகியவற்றில் ஒன்று கையில் இருந்தால்தான் உதவி கிடைக்கும். விரைவாக உதவி சேர்க்க அரசுக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை என்பது உண்மையே. ஆனால், நகர்ப்புறக் கூலித் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் இந்தப் பதிவேடுகளுக்கு வெளியே இருந்தனர்.

திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியின் தோல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ரேஷன் அட்டை ஊரில், குடும்பத்தாரிடம் இருக்கும். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு இணைந்தது 2020 அக்டோபரில்தான். எனவே ஏப்ரல், மே மாதங்களில் அந்த அட்டையைக் கொண்டு மும்பையில் ஒரு கிலோ அரிசிகூட வாங்க முடியாது. தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு வழங்கிய ரூ.1,000-ம் ஊரில் உள்ள கடையிலேயே கிடைக்கும். ஊரில் இருந்தால் உதவி உண்டு, வேலை இல்லை. மும்பையில் இருந்தால் வேலையும் இல்லை, உதவியும் இல்லை என்பதே அவரது நிலை.

கோபர்கைரனேயின் மாத்தாடி தொழிலாளர்களின் நிலை இதிலிருந்து சற்று மாறுபட்டது. 1969-ம் ஆண்டின் மகாராஷ்டிர மாத்தாடி சட்டப்படி அவர்கள் தனி வாரியத்தில் பதிவு பெறுகின்றனர். கூலியும் வைப்பு நிதியும் வாரியத்தின் வழியே செல்வதால், அவர்கள் யார், எத்தனை பேர் என்பதற்குப் பதிவு உண்டு. ஆனால் தூக்கும் சுமைக்கேற்பக் கூலி என்பதால், சந்தை மூடிய நாட்களில் அந்தப் பதிவு இருந்தும் வருவாய் இல்லை. அதே சந்தையில் பதிவின்றி அன்றாடக் கூலிக்கு வந்தவர்களுக்கு இரண்டுமே இல்லை.

இந்தக் குறையை உணர்ந்த மத்திய அரசு, மே 14-ம் தேதி ரேஷன் அட்டை இல்லாத சுமார் 8 கோடி புலம்பெயர் தொழிலாளர்களுக்கு இரண்டு மாதங்களுக்குத் தலா 5 கிலோ தானியம் இலவசமாக வழங்கப்படும் என அறிவித்தது. இதற்கு ரூ.3,500 கோடி ஒதுக்கப்பட்டது. எனினும், யார் புலம்பெயர் தொழிலாளர் என்பதை அடையாளம் காணும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. அறிவிப்பு வந்தபோது ஊரடங்கு தொடங்கி ஐம்பது நாட்கள் கடந்திருந்தன. பலர் ஏற்கெனவே ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். ஒதுக்கப்பட்ட தானியம் முழுவதும் மக்களைச் சென்றடையவில்லை.

ஊர் திரும்பிய ஒரு கோடி பேர்

ஏப்ரல் 14-ம் தேதி ஊரடங்கு நீட்டிக்கப்பட்டபோது, ஊருக்குச் செல்ல ரயில் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் மும்பை பாந்த்ரா ரயில் நிலையம் அருகே பெருந்திரளான தொழிலாளர்கள் கூடினர். மே 1-ம் தேதி முதல் 'ஷ்ரமிக்' சிறப்பு ரயில்கள் இயக்கப்பட்டன. அவற்றில் 63 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்தனர். அதற்குள் பலர் நடந்தே புறப்பட்டுவிட்டனர். மே 8-ம் தேதி மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே, களைப்பில் தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி உயிரிழந்தனர்.

தமிழ்நாட்டில் இதன் எதிரொலி திருநெல்வேலி, தூத்துக்குடி, கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் தெரிந்தது. மே மாதத்தில் அம்மாவட்டங்களில் உறுதியான தொற்றுகளில் கணிசமானவை மகாராஷ்டிரத்திலிருந்து திரும்பியோரிடம் கண்டறியப்பட்டவை. தமிழக சுகாதாரத் துறை தனது அன்றாட அறிக்கையில் அவர்களது எண்ணிக்கையைத் தனியே வெளியிட்டது.

ஊரடங்கின்போது 1.04 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சொந்த மாநிலங்களுக்குத் திரும்பியதாக 2020 செப்டம்பரில் மத்திய தொழிலாளர் நலத் துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் எத்தனை பேர் வழியில் உயிரிழந்தனர் என்ற கேள்விக்கு, அத்தகைய பதிவு பராமரிக்கப்படவில்லை என்று பதிலளித்தது. நிவாரணம் பெறும் பட்டியலில் இல்லாதவர்கள், இழப்பின் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

ஊர் திரும்பியவர்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டம் கைகொடுத்தது. 2020-21 நிதிநிலை அறிக்கையில் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்த ரூ.61,500 கோடியுடன் மேலும் ரூ.40,000 கோடி மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டில் 7 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இத்திட்டத்தில் வேலை பெற்றன. ஆனால் அது கிராமப்புறத்துக்கான திட்டம். தாராவியிலோ கோபர்கைரனேயிலோ தங்கிவிட்டவர்களுக்கு அதற்கு இணையான தேசியத் திட்டம் எதுவும் இல்லை.

ரூ.20 லட்சம் கோடியில் கடன் எவ்வளவு?

மே 12-ம் தேதி, நாட்டின் மொத்த உற்பத்தியில் 10 சதவீதத்துக்குச் சமமான ரூ.20 லட்சம் கோடி மதிப்பிலான தற்சார்பு இந்தியா தொகுப்பைப் பிரதமர் அறிவித்தார். மே 13 முதல் 17 வரை ஐந்து நாட்கள் நிதி அமைச்சர் அதன் விவரங்களை வெளியிட்டார். இறுதிக் கணக்கில் அது ரூ.20,97,053 கோடியாக இருந்தது.

இதில் ரூ.8,01,603 கோடி, பாரத ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கிடைக்கச் செய்த பணப்புழக்கம். மார்ச் மாதம் அறிவிக்கப்பட்ட ஏழைகள் நலத் தொகுப்பும் இதில் அடங்கும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான ரூ.3 லட்சம் கோடி என்பது அரசு நேரடியாகச் செலவிடும் தொகையன்று. வங்கிகள் வழங்கும் கடனுக்கு அரசு அளிக்கும் உத்தரவாதம். ஐந்து நாள் அறிவிப்புகளில் அரசின் கருவூலத்திலிருந்து உடனடியாகச் செலவாகும் தொகை நாட்டின் உற்பத்தியில் சுமார் 1 முதல் 1.5 சதவீதம் வரை இருக்கும் எனப் பொருளாதார ஆய்வாளர்கள் பலர் மதிப்பிட்டனர்.

அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ், 2020 பிப்ரவரி 29-ம் தேதி நிலவரப்படி ஒரு நிறுவனத்துக்கு உள்ள வங்கிக் கடன் நிலுவையில் 20 சதவீதம் வரை புதிய கடன் பெறலாம். ரூ.5 லட்சம் நிலுவை உள்ளவருக்கு ரூ.1 லட்சம் கிடைக்கும். வங்கிக் கடனே வாங்காமல் கைமாற்றிலும் வட்டிக்கடனிலும் தொழில் நடத்துபவருக்கு? பூஜ்யத்தில் 20 சதவீதமும் பூஜ்யமே. தாராவியின் தோல், தையல், மண்பாண்டம், மறுசுழற்சித் தொழில்களில் இத்தகைய பட்டறைகள் ஏராளம்.

சாலையோர வியாபாரிகளுக்காக ஜூன் 1-ம் தேதி 'ஸ்வநிதி' திட்டம் தொடங்கப்பட்டது. பிணையின்றி ரூ.10,000 கடன் பெற இது வழிசெய்தது. அதற்கும் உள்ளாட்சி அமைப்பின் வியாபாரச் சான்று அல்லது பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது.

கடன் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் 31 வரை ஆறு மாத அவகாசம் அளித்தது. ரெப்போ வட்டி விகிதம் மே மாதத்துக்குள் 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தவணையைத் தள்ளிப்போட்டாலும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ரூ.1 லட்சம் நிலுவை இருந்தால், ஆறு மாதங்களுக்கான சாதாரண வட்டி ரூ.6,000. வட்டிக்கு வட்டியும் சேர்த்தால் ரூ.6,152. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்துவந்த நிலையில், ரூ.2 கோடி வரையிலான கடன்களுக்கு அந்தக் கூடுதல் பகுதியை, அதாவது இந்த எடுத்துக்காட்டில் ரூ.152-ஐ, மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. எஞ்சிய ரூ.6,000 கடன்தாரரின் பொறுப்பாகவே இருந்தது.

வீழ்ச்சியும் மீட்சியும்

2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் இதே காலாண்டுடன் ஒப்பிடுகையில் 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு தெரிவித்தது. அந்த நிதியாண்டு முழுவதற்குமான சரிவு 7.3 சதவீதம் எனத் தற்காலிகமாகக் கணக்கிடப்பட்டு, பின்னர் 5.8 சதவீதமாகத் திருத்தப்பட்டது.

எதிர்காலம் எப்படி இருக்கும் எனத் தெரியாத நிலையில், முதலில் நலிந்தோருக்குப் பாதுகாப்பு வளையம் அமைத்து, நிலைமைக்கேற்பப் படிப்படியாகச் செலவை உயர்த்துவதே சரியான உத்தி என 2021-22 பொருளாதார ஆய்வறிக்கை இதனை நியாயப்படுத்தியது. தொடக்கத்திலேயே ஏழைகளின் கையில் கூடுதல் ரொக்கம் சேர்த்திருந்தால் துயரமும் சரிவும் குறைந்திருக்கும் என்பது மாற்றுக் கருத்துடையோரின் வாதம்.

இரண்டாம் அலை தந்த பாடம்

2020 டிசம்பர் 25-ம் தேதி தாராவியில் முதன்முறையாக ஒருவருக்குக்கூடத் தொற்று பதிவாகவில்லை. ஆனால் 2021 ஏப்ரல் 8-ம் தேதி ஒரே நாளில் 99 பேருக்குத் தொற்று உறுதியானது. நாடெங்கும் ஆக்சிஜன் தட்டுப்பாடு நிலவிய அந்த நாட்களில், வட்டந்தோறும் கட்டுப்பாட்டு அறை அமைத்துப் படுக்கைகளை ஒதுக்கிய மும்பையின் முறையை உச்ச நீதிமன்றம் பாராட்டியது. தாராவியில் மீண்டும் வீடு தேடிச் செல்லும் முறையே பின்பற்றப்பட்டது. ஜூன் 14-ம் தேதி தொற்று எண்ணிக்கை மீண்டும் பூஜ்யமானது.

தடுப்பூசித் திட்டமும் முதலில் பதிவேட்டு வழியிலேயே தொடங்கியது. 2021 ஜனவரி 16-ம் தேதி தொடங்கிய திட்டம், மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு விரிவுபடுத்தப்பட்டபோது, 18 முதல் 44 வயதினர் 'கோவின்' தளத்தில் முன்பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் தனித்தனி விலையில் தடுப்பூசி வாங்க வேண்டியிருந்தது. இந்த வயதினருக்கான கொள்கை, முதல் நோக்கில் தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. இணைய வசதி இல்லாதோர் என்ன செய்வார்கள் என்றும் கேள்வி எழுப்பியது.

அதன்பின் திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. அரசு மையங்களில் நேரில் வந்து பதிவு செய்ய அனுமதி அளிக்கப்பட்டது. அடையாள அட்டை இல்லாதோருக்கும் தடுப்பூசி செலுத்தத் தனி வழிமுறை வகுக்கப்பட்டது. ஜூன் 21 முதல் உற்பத்தியில் 75 சதவீதத்தை மத்திய அரசே கொள்முதல் செய்து மாநிலங்களுக்கு இலவசமாக வழங்கியது. அக்டோபர் 21-ம் தேதி 100 கோடி தவணைகள் என்ற இலக்கு எட்டப்பட்டது. நவம்பரில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று தடுப்பூசி செலுத்தும் இயக்கம் தொடங்கியது. தாராவி 2020-ல் கற்ற பாடத்துக்கு, நாட்டின் தடுப்பூசித் திட்டம் 2021-ன் இறுதியில் வந்து சேர்ந்தது.

எஞ்சி நிற்கும் கேள்வி

2023 மே 5-ம் தேதி கரோனா உலகளாவிய அவசரநிலை முடிவுக்கு வந்ததாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. இந்தியாவில் அதிகாரப்பூர்வ உயிரிழப்பு சுமார் 5.33 லட்சம். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என்ற உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டை, அதன் கணக்கீட்டு முறை சரியல்ல எனக் கூறி மத்திய அரசு ஏற்க மறுத்தது.

நெருக்கடியின்போது வெளிப்பட்ட குறைகளில் சில சரிசெய்யப்பட்டுள்ளன. 2021 ஜூன் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் விரைவுபடுத்தப்பட்டு, 2022 ஜூனில் அனைத்து மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது. நெல்லை அட்டையைக் கொண்டு இன்று மும்பையில் தானியம் வாங்கலாம். அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் 'இ-ஷ்ரம்' தளம் 2021 ஆகஸ்ட் 26-ம் தேதி தொடங்கப்பட்டது. அதில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துள்ளனர். மருத்துவக் கட்டமைப்பை வலுப்படுத்த ஐந்து ஆண்டுகளில் ரூ.64,180 கோடி செலவிடும் திட்டம் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்டது.

ஆனால், அடிப்படைப் பட்டியல் பழையதாகவே உள்ளது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எத்தனை பேருக்கு தானியம் என்ற உச்சவரம்பு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே நிர்ணயிக்கப்பட்டது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு, இதே பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. 2027 மார்ச் 1-ம் தேதியை அடிப்படையாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடைபெறும் என மத்திய அரசு அறிவித்துள்ளது. 2011-க்குப் பிறகு பிறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், வறுமைக்குள் விழுந்தவர்கள் பலர் அந்த உச்சவரம்புக்கு வெளியே நிற்கின்றனர்.

பெருந்தொற்று வந்தபோது, தாராவியில் நோயைக் கட்டுப்படுத்தச் சென்றவர்கள் முதலில் கேட்டது 'யாருக்குக் காய்ச்சல்?' என்பதைத்தான். நிவாரணம் வழங்கிய கவுன்ட்டர் முதலில் கேட்டது 'எந்த அட்டை?' என்பதை. அடுத்த நெருக்கடி எப்போது வந்தாலும், வாசியின் சந்தை மூடப்படும் நாளில் கோபர்கைரனேயின் ஒரு வீட்டில் அடுப்பு எரியுமா என்பது, இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலை அரசு இப்போதே தயாராக வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே அமையும்.